விழும் பொருள் ஏன் ஒளிர்கிறது? கருந்துளையைச் சுற்றி எழும் கதிர்வீச்சின் கதை

கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்ப முடியாது என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அதே புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளி, பிரபஞ்சத்திலேயே மிகப் பிரகாசமான பொருட்களுக்குப் பின்னால் கருந்துளைகள் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கும். இரண்டும் எப்படி ஒன்றாகப் பொருந்தும் என்று குழம்புவது நியாயமே. ஆனால் இரண்டும் உண்மைதான். நமக்கு வந்து சேரும் எக்ஸ் கதிரோ ரேடியோ அலையோ கருந்துளையின் உள்ளே இருந்து வருவதில்லை. திரும்பி வர முடியாத ஓர் எல்லை கருந்துளைக்கு உண்டு. அதை நிகழ்வு எல்லை என்பார்கள். உள்ளே போகவிருக்கும் வாயு, அந்த எல்லையைத் தாண்டுவதற்கு முன், வெளியே இருக்கும்போதே வீசிவிட்டுப் போகும் கதிர்தான் நமக்குக் கிடைப்பது.

இங்கே ஒரு விஷயத்தை முதலிலேயே ஓரம்கட்டி விடலாம். கருந்துளை, கதிர்வீச்சு என்று சேர்த்துச் சொன்னாலே பலருக்கு ஹாக்கிங் கதிர்வீச்சுதான் நினைவுக்கு வரும். ஸ்டீபன் ஹாக்கிங் 1974-இல் சொன்னது அது. கோட்பாட்டில் மிக முக்கியமானது, மறுப்பதற்கில்லை. ஆனால் சூரியன் அளவு நிறையுள்ள கருந்துளைக்கு அந்தக் கணக்குப்படி வரும் வெப்பநிலை, ஒரு கெல்வினில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. பிரபஞ்சம் முழுவதும் நிரம்பிக் கிடக்கும் பின்னணிக் கதிர்வீச்சே 2.7 கெல்வின் இருக்கிறது. அதன் நடுவில் இதைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. தொலைநோக்கிகள் பார்ப்பது முழுக்க முழுக்க வேறொன்றை: கருந்துளையைச் சுற்றியுள்ள பொருள் சூடாகி வீசும் கதிரை.

சரி, அந்தப் பொருள் ஏன் சூடாகிறது?

உயரத்திலிருந்து எது விழுந்தாலும் அதன் வேகம் கூடும். எவ்வளவு ஆழத்துக்கு விழுகிறதோ அவ்வளவு ஆற்றல் வெளிப்படும். கருந்துளையின் தனிச்சிறப்பு அதன் நிறை மட்டும் அல்ல, அந்த நிறை எவ்வளவு சிறிய இடத்தில் அடங்கியிருக்கிறது என்பதும்தான். சூரியனின் ஆரம் ஏறக்குறைய 7 லட்சம் கிலோமீட்டர். அதே நிறையில் ஒரு கருந்துளை இருந்தால், அதன் எல்லை மையத்திலிருந்து வெறும் 3 கிலோமீட்டரில் இருக்கும். சூரியனை நோக்கி விழும் வாயு 7 லட்சம் கிலோமீட்டரிலேயே மேற்பரப்பில் மோதி நின்றுவிடும். கருந்துளையை நோக்கி விழுவதோ நின்றுவிடாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஈர்ப்பு மிகக் கடுமையாக இருப்பது அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான். ஆற்றலின் பெரும்பகுதியும் அங்கேதான் வெளிப்படுகிறது.

எவ்வளவு ஆற்றல்? சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது, எரியும் பொருளின் நிறையில் 0.7 சதவீதம் ஆற்றலாகிறது. அணுக்கருவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வழிகளில் அதுவே மிகச் சிறந்த ஒன்று. சுழலாத கருந்துளையை நோக்கிச் சுற்றிச் சுற்றி இறங்கும் வாயுவோ தன் நிறையில் ஏறக்குறைய 6 சதவீதத்தை ஆற்றலாக வெளியே விடும். கருந்துளை மிக வேகமாகச் சுழன்றால் வாயு இன்னும் நெருக்கத்தில் நிலையாகச் சுற்ற முடியும். அப்போது இந்தக் கணக்கு 40 சதவீதம் வரை ஏறும். விண்மீன்களை ஒளிரவைக்கும் அணுக்கரு இணைவைவிட வெறும் ஈர்ப்பு விசை பல மடங்கு திறமையாக ஒளியை உண்டாக்குகிறது என்பது, எத்தனை முறை நினைத்தாலும் என்னை வியக்கவைக்கும் உண்மை.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வாயு நேராக விழக்கூடாது. தனியாக, எதன் மீதும் உரசாமல், ஒரே நேர்கோட்டில் விழும் அணு வேகம் மட்டும் எடுக்கும், சூடாகாது. பெற்ற ஆற்றலையெல்லாம் தன்னோடு எடுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டிவிடும். கருந்துளையின் நிறை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வெளியே இருக்கும் நமக்கு ஒன்றும் கிடைக்காது. விழும் வழியில் ஏற்படும் தடையிலிருந்துதான் ஒளி பிறக்கிறது. கருந்துளைகள் ஏன் ஒளிர்கின்றன என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

நல்லவேளையாக, நேராக விழுவது இயற்கையில் அரிது. பக்கத்து விண்மீனிலிருந்து வரும் வாயுவோ, எங்கிருந்தோ அலைந்து வரும் வாயு மேகமோ, ஓரளவு பக்கவாட்டு வேகம் இல்லாமல் வராது. அந்தப் பக்கவாட்டு வேகத்தோடு உள்ளே நெருங்க நெருங்கச் சுழற்சி வேகம் கூடும். வாயுவிடம் இருக்கும் இந்தச் சுழற்சியின் அளவை இயற்பியலில் கோண உந்தம் என்கிறோம். அதை யாரிடமாவது ஒப்படைக்காமல் வாயுவால் மேலும் உள்ளே போக முடியாது. அதனால் அது கருந்துளையைச் சுற்றி ஒரு தட்டையான வட்டாகப் படிகிறது. திரள் வட்டு என்பது இதுதான். சூரியனைப் போல் 10 மடங்கு நிறையுள்ள கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுழலாததாக இருந்தால், அதன் எல்லை 30 கிலோமீட்டரில் இருக்கும், வட்டின் உள் விளிம்பு ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் முடியும். அங்கே வாயு ஒளியின் வேகத்தில் பாதி அளவு வேகத்தில், நொடிக்கு 220 முறை சுற்றுகிறது. அதற்கும் உள்ளே நிலையான பாதை கிடையாது. அங்கிருந்து வாயு சரசரவென்று உள்ளே போய்விடும்.

வட்டின் உள்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி மெதுவாகவும் சுற்றுவதால் பக்கத்துப் பக்கத்து வளையங்கள் உரசுகின்றன, உராய்வில் வெப்பம் வருகிறது. பெரும்பாலான விளக்கங்கள் இங்கேயே நிறுத்திவிடும். உண்மையில் சுவாரசியமான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சாதாரண வாயுவின் உராய்வைக் கணக்குப் போட்டால் அது மிக மிகச் சொற்பம். அதை மட்டும் நம்பினால் வாயு காலம் காலமாகச் சுற்றிக்கொண்டே இருக்குமே தவிர, உள்ளே இறங்காது. சொல்லிக்கொள்ளும்படி ஒளிரவும் செய்யாது. 1973-இல் நிக்கோலாய் ஷக்குரா, ரஷீத் சுன்யாயெவ் என்ற இரு சோவியத் விஞ்ஞானிகள், உராய்வின் காரணம் தெரியாவிட்டாலும் அதன் வலிமையை ஆல்ஃபா என்ற ஒரே எண்ணுக்குள் அடக்கிவைத்துக்கொண்டு வட்டின் முழுக் கணக்கையும் போட்டுக் காட்டினார்கள். இன்றும் அந்தக் கணக்கு பயன்படுகிறது. காரணம் தெளிவானது 1991-இல், ஸ்டீவன் பால்பஸ், ஜான் ஹாலி இருவரின் ஆய்வில். பதில், காந்தப்புலம்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். சூடான வாயுவில் எலக்ட்ரான்கள் அணுக்களைவிட்டுப் பிரிந்து நிற்பதால், காந்தப்புலக் கோடுகள் வாயுவோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஒரு வாயுத் திரள், சற்று வெளியே இன்னொன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரு காந்தக்கோடு இணைக்கிறது, ஒரு ஸ்பிரிங் மாதிரி. உள்ளே இருப்பது வேகமாக ஓடி முன்னால் போகிறது, ஸ்பிரிங் இழுபடுகிறது. இழுபட்ட ஸ்பிரிங் உள்ளே இருப்பதைப் பின்னுக்கு இழுக்கும், வெளியே இருப்பதை முன்னுக்கு இழுக்கும். பின்னுக்கு இழுக்கப்பட்டது கோண உந்தத்தை இழக்கிறது. அதனால் அதன் வேகம் குறையும் என்று தோன்றும். ஆனால் சுற்றுப்பாதையில் நடப்பது நேர்மாறு. உந்தத்தை இழந்தது இன்னும் உள்ளே இறங்குகிறது, உள்பாதையில் முன்னைவிட வேகமாக ஓடுகிறது. வெளியே இருந்தது உந்தத்தைப் பெற்று இன்னும் வெளியே நகர்கிறது. இடைவெளி கூடுகிறது, ஸ்பிரிங் மேலும் இழுபடுகிறது, விளைவு மேலும் வலுக்கிறது. சில சுற்றுகளுக்குள் வட்டு முழுவதும் கொந்தளிப்பாகிவிடும். அந்தக் கொந்தளிப்புதான் நாம் தேடிய உராய்வு. இப்படி ஓர் உறுதியின்மை உண்டு என்று 1959-இல் வெலிக்கோவும், 1960-இல் சுப்பிரமணியன் சந்திரசேகரும் வேறொரு சூழலுக்கான கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள். கருந்துளை வட்டுகளுக்கு அதுவே திறவுகோல் என்று தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின.

அப்புறம் நடப்பது நேரடியானது. உள்ளே இறங்கும் வாயு இழக்கும் ஈர்ப்பு ஆற்றலில் ஏறக்குறைய பாதி சுற்றும் வேகமாகத் தங்குகிறது, மீதிப் பாதி வெப்பமாகிக் கதிராக வெளியேறுகிறது. எந்த நிறக் கதிர் என்பதை வெப்பநிலை முடிவு செய்யும். 5,800 கெல்வின் உள்ள சூரியப் பரப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியை வீசுகிறது. விண்மீன் அளவுக் கருந்துளையின் வட்டு உள்பகுதியில் ஏறக்குறைய 1 கோடி கெல்வினைத் தொடும். அந்த வெப்பத்தில் வருவது எக்ஸ் கதிர்.

அப்படியென்றால் 100 கோடி சூரிய நிறையுள்ள ராட்சதக் கருந்துளையின் வட்டு எவ்வளவு சூடாக இருக்கும்? ஈர்ப்பு பிரம்மாண்டம், ஆகவே சூடும் பிரம்மாண்டம் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது தலைகீழ். நிறை 10 கோடி மடங்கு கூடினால், நிறைக்கு ஏற்ற அதே விகிதத்தில் இரையும் கூடும்போது, வெளிவரும் ஒளியும் 10 கோடி மடங்கு கூடும். ஆனால் வட்டின் பரப்பு அந்த 10 கோடியின் வர்க்க அளவுக்குப் பெருகிவிடும். அதாவது ஒவ்வொரு சதுர மீட்டரும் வீச வேண்டிய ஒளி 10 கோடி மடங்கு குறைந்துபோகிறது. வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்பத்தான் ஒளி கூடும் என்பதால், வெப்பநிலை 100 மடங்கு குறைந்து ஏறக்குறைய 1 லட்சம் கெல்வினில் நிற்கும். அங்கே வருவது பெரும்பாலும் புற ஊதாக் கதிர். சிறிய கருந்துளைகள் எக்ஸ் கதிரிலும் பெரியவை புற ஊதாவிலும் ஒளிர்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ராட்சதக் கருந்துளைகளிடமிருந்தும் எக்ஸ் கதிர் தாராளமாக வருகிறது. 1 லட்சம் கெல்வினால் அதைத் தர முடியாது. வட்டின் மேலேயும் உள் விளிம்பின் அருகேயும், ஏறக்குறைய 100 கோடி கெல்வின் சூட்டில் மெல்லிய எலக்ட்ரான் மண்டலம் ஒன்று இருக்கிறது. சூரியனுக்கு இருப்பதைப் போலவே இதற்கும் கொரோனா என்று பெயர். வட்டிலிருந்து கிளம்பும் புற ஊதா ஒளித்துகள் இந்த எலக்ட்ரான்களில் மோதி, ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலை வாங்கிக்கொண்டு, எக்ஸ் கதிராக வெளியே வருகிறது.

அந்த எக்ஸ் கதிரில் ஒரு பகுதி திரும்பவும் கீழே வட்டின் மீது விழும். அங்குள்ள இரும்பு அணுக்கள் அதை விழுங்கி, 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (ஒளித்துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) என்ற குறிப்பிட்ட ஆற்றலில் திருப்பி வீசும். கதிரை ஆற்றல்வாரியாகப் பிரித்து வரைந்தால், ஆய்வுக்கூடத்தில் இது ஒல்லியான ஒற்றைக் கோடு. கருந்துளைக்குப் பக்கத்திலோ கோடு உருக்குலைந்து போகிறது. வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி ஆற்றல் கூடியும் பிரகாசம் கூடியும் தெரியும். விலகிப் போகும் பக்கம் மங்கும். இது போதாதென்று, ஈர்ப்புக் குழியிலிருந்து ஏறி வருவதற்கே ஒளி ஆற்றலைச் செலவழிக்க வேண்டியிருப்பதால் கோட்டின் ஒரு பக்கம் நீண்ட வாலாக இழுபடும். எம்சிஜி-6-30-15 என்ற விண்மீன் மண்டலத்தின் மையத்தில் இப்படி ஒரு கோட்டை ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் பதிவு செய்தது. முடிவு 1995-இல் வெளியானது. கோட்டின் வால் 4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை நீண்டிருந்தது. ஒரு வரைபடத்தில் உள்ள கோட்டின் வடிவத்தை வைத்தே, அந்த வாயு எல்லைக்கு எவ்வளவு அருகில் சுற்றுகிறது, கருந்துளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்றெல்லாம் கணிக்க முடிகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த உத்தி இதுதான்.

ரேடியோ அலைகளின் கதை வேறு. அவை வெப்பத்தால் வருவதில்லை. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தக்கோடுகளைச் சுற்றிச் சுருளாகப் போகும்போது வீசுபவை அவை. சிங்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்பது இதன் பெயர். எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலிருந்து நேராகக் கிளம்பும் ஒரு கதிரை ஹீபர் கர்டிஸ் 1918-லேயே படங்களில் கண்டு குறித்துவைத்தார். ஏறக்குறைய 5,000 ஒளியாண்டு நீளமுள்ள அந்தப் பீய்ச்சல் இந்த வகைக் கதிரால்தான் ஒளிர்கிறது. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான முதல் கருந்துளைப் படமும் அதே மையத்தினுடையது. நிறை 650 கோடி சூரியன்கள், தூரம் ஏறக்குறைய 5.5 கோடி ஒளியாண்டுகள். உலகின் பல மூலைகளில் உள்ள ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றிணைத்து 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் எடுத்தார்கள். அந்த ஆரஞ்சு வளையம் நாம் பூசிய நிறம். உண்மையில் அது சிங்க்ரோட்ரான் ரேடியோ ஒளி. வளையத்தின் ஒரு பக்கம் மட்டும் பளிச்சென்று இருப்பது, அந்தப் பக்க வாயு நம்மை நோக்கி வருவதால். 2021-இல் அதே ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அளந்தபோது காந்தப்புலத்தின் ஒழுங்கும் வலிமையும் தெரியவந்தன: 1 முதல் 30 காஸ். பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய அரை காஸ் என்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் பயங்கரமான எண் இல்லை. ஆனாலும் 5,000 ஒளியாண்டுக்குப் பொருளைப் பீய்ச்சி அடிக்க இது போதுமானதாக இருக்கிறது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க மனிதன் காற்று மண்டலத்தைத் தாண்ட வேண்டியிருந்தது. வானத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரைப் பூமியின் காற்று முழுவதுமாக உறிஞ்சிவிடும். 1962-இல் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு அனுப்பிய ராக்கெட் சில நிமிடங்கள்தான் மேலே இருந்தது. அதற்குள் சூரியக் குடும்பத்துக்கு வெளியே முதல் எக்ஸ் கதிர் மூலம் சிக்கியது. 1964-இல் இன்னொரு ராக்கெட் சிக்னஸ் எக்ஸ்-1 என்ற மூலத்தைக் காட்டியது. 1970 டிசம்பரில் உஹூரு செயற்கைக்கோள் கென்யக் கரையோரக் கடல்மேடையிலிருந்து மேலே போனதும் அதன் கதிர் நொடிக்கும் குறைந்த நேரத்தில் கூடிக் குறைவது தெரிந்தது. பிற்பாடு வந்த கருவிகள் ஆயிரத்தில் ஒரு நொடி அளவுக்குக்கூட மாறுவதைப் பிடித்தன.

இந்த மினுமினுப்பு ஏன் முக்கியம்? ஒரு பொருள் முழுவதும் சேர்ந்து பிரகாசம் மாற வேண்டுமானால், அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். ஒளியைவிட வேகமாக எதுவும் போகாது. ஆயிரத்தில் ஒரு நொடியில் ஒளி போகும் தூரம் 300 கிலோமீட்டர். ஆகவே அந்த மினுமினுப்பு எழும் இடம் அதைவிடப் பெரிதாக இருக்க வழியில்லை. அதே நேரம், அங்கே இருப்பதை 5.6 நாளுக்கு ஒருமுறை ஒரு நீலப் பெருவிண்மீன் சுற்றி வருகிறது. அந்த விண்மீனின் அசைவை வைத்து, கண்ணுக்குத் தெரியாத கூட்டாளியின் நிறையைக் கணக்கிடலாம். 2021-இல் வந்த திருத்திய கணக்கு: 21 சூரிய நிறை. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு நிறையை அடைத்தால், நமக்குத் தெரிந்த இயற்பியலில் கருந்துளையைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது.

பெரிய அளவில் இதே கதைதான் குவேசார், அதாவது தொலைதூர விண்மீன் மண்டலத்தின் மிகப் பிரகாசமான மையம். 3சி 273 என்ற விண்மீன் போன்ற புள்ளி 240 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்று மார்ட்டின் ஷ்மிட் 1963-இல் கண்டறிந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து அப்படித் தெரிய வேண்டுமானால் அது சூரியனைப் போல் லட்சம் கோடி மடங்குக்கும் மேல் ஒளிர வேண்டும். ஆண்டுக்குச் சில சூரியன்கள் அளவு வாயுவை வட்டு வழியாக இறக்கினால் அந்தப் பிரகாசம் வந்துவிடும்.

ஆனால் எல்லாக் கருந்துளைக்கும் அப்படி இரை கிடைப்பதில்லை. நம் பால்வீதியின் மையத்தில் 40 லட்சம் சூரியன்களுக்கும் மேல் நிறையுள்ள சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் இருக்கிறது. அதன் மொத்த ஒளி சூரியனைப் போல் சில நூறு மடங்குதான். அங்கே வரும் வாயு மிகக் குறைவு, மிக மெல்லியது. மெல்லிய வாயுவில் துகள்கள் ஒன்றோடொன்று மோதுவது அரிது என்பதால் அதற்குத் தன் சூட்டைக் கதிராக மாற்ற நேரம் போதாது. சூட்டோடு சேர்ந்தே உள்ளே போய்விடும். முன்பு சொன்ன நேராக விழும் அணுவின் நிலைமைதான் ஏறக்குறைய இதற்கும்.

அப்படி ஆற்றல் காணாமல் போவதே ஒரு சான்று. நியூட்ரான் விண்மீனும் கிட்டத்தட்ட கருந்துளை அளவுக்குச் சுருங்கியதுதான். அதற்கும் வட்டு உண்டு, எக்ஸ் கதிர் உண்டு. ஆனால் அதற்கு ஒரு மேற்பரப்பு இருக்கிறது. வாயு எவ்வளவு ஆற்றலோடு வந்தாலும் அங்கே மோதி வெளிச்சமாக்கிவிடும். அந்தப் பரப்பில் சேர்ந்த வாயு அவ்வப்போது அணுக்கரு வெடிப்பாகப் பற்றி, சில நொடிகளுக்குப் பளீரிடும். கருந்துளைகளில் இந்த வகை வெடிப்பை ஒருவரும் பார்த்ததில்லை. இரை குறைந்த அமைதிக் காலத்திலும் நியூட்ரான் விண்மீன்களைவிடக் கருந்துளைகள் பல மடங்கு மங்கலாகவே இருக்கின்றன. மோதுவதற்குப் பரப்பு இல்லை என்பதைத்தான் இந்த இரண்டு வேறுபாடுகளும் சொல்கின்றன.

அமைதி சில சமயம் கலையும். கருந்துளையும் விண்மீனும் சேர்ந்த வி404 சிக்னை என்ற இணையில், கூட்டாளி விண்மீனிலிருந்து வரும் வாயு வட்டின் வெளிப்பகுதியில் ஆண்டுக்கணக்கில் குளிர்ந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. குளிர்ந்த வாயுவில் எலக்ட்ரான்கள் அணுவோடு இருப்பதால் காந்தப்புலத்தின் பிடி தளர்ந்திருக்கும். சேர்ந்தது ஓர் அளவைத் தாண்டிச் சூடேறியதும் எலக்ட்ரான்கள் பிரியும், காந்தப்பிடி இறுகும், வட்டு மொத்தமாக உள்ளே சரியும். 1989-இல் அப்படி வெடித்தது; 26 ஆண்டு கழித்து 2015 ஜூனில் மறுபடி. அந்தச் சில நாட்கள் அதன் மினுமினுப்பு சாதாரண ஒளியிலேயே தெரிந்தது. 20 சென்டிமீட்டர் தொலைநோக்கி வைத்திருந்த ஆர்வலர்களும் பார்க்கும் அளவுக்கு.

வாயுவே வந்து சேராத கருந்துளையும் உண்டு. 2022-இல் அறிவிக்கப்பட்ட காயா பிஎச்1, ஏறக்குறைய 1,560 ஒளியாண்டு தூரத்தில், 9.6 சூரிய நிறையோடு இருக்கிறது. சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் 186 நாளுக்கு ஒருமுறை அதைச் சுற்றி வருகிறது. இடைவெளி அதிகம் என்பதால் அதன் வாயு இந்தப் பக்கம் வருவது மிகச் சொற்பம். சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியும் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கிகளும் உற்றுப் பார்த்தும் எந்தக் கதிரும் அகப்படவில்லை. வட்டு இல்லை, உராய்வு இல்லை, ஒளியும் இல்லை. அந்த விண்மீனின் நிலை வானில் லேசாக ஆடியதை காயா விண்கலம் அளந்ததால்தான் அது அங்கே இருப்பதே தெரிந்தது.